புற ஊதாக் காப்பகத்தில் காந்த இரட்டை விண்மீன்களைத் தேடிப் பிடித்து வகைபிரிப்பது எப்படி

ஏஇ அக்வாரி என்ற இரட்டை விண்மீனைச் சாதாரண ஒளியில் பார்த்தால் அதன் 33 விநாடித் துடிப்பு ஒரு சதவீதத்தைத் தொடுவதே அரிது. 1990-களில் ஹப்பிள் அதைப் புற ஊதாவில் பார்த்தபோது அதே துடிப்பு சுமார் 40 சதவீதம் இருந்தது. காந்த இரட்டைகளைத் தேட எதற்குப் புற ஊதாவுக்குப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைத்தான் முதலில் சொல்வேன்.

என்னிடம் தொலைநோக்கி கிடையாது. மற்றவர்கள் வேறு காரியத்துக்காக எடுத்து வைத்த தரவைக் கிளறிப் பார்ப்பதுதான் என் பழக்கம். இந்தக் குறிப்பும் அப்படிப்பட்டவர்களுக்கே. கொஞ்சம் பைத்தான் தெரிந்து, இலவசமாகத் திறந்து கிடக்கும் விண்வெளிக் காப்பகங்களில் புகுந்து வரத் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

ஒரு வெண்குறுமீன் (எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்), அதை நெருக்கமாகச் சுற்றும் ஒரு சின்னச் செங்குறுமீன் (குளிர்ந்த சிவப்பு விண்மீன்). செங்குறுமீனிலிருந்து வாயு வழிந்து வெண்குறுமீனை நோக்கிப் பாய்கிறது. காந்தப்புலம் இல்லாவிட்டால் அந்த வாயு வட்டாகச் சுற்றிச் சுற்றி மெதுவாக உள்ளே இறங்கும். புலம் வலுவாக இருந்தால் வட்டே உருவாகாது. வாயு காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நேராகத் துருவத்தில் போய் மோதும். இந்த வகைக்குப் போலார் என்று பெயர். முதலில் அடையாளம் காணப்பட்டது ஏஎம் ஹெர்குலிஸ். அதன் ஒளியில் பத்து சதவீதத்தை ஒட்டிய வட்ட முனைவாக்கம் (ஒளி அலை சுழன்றபடி வருவது, வலுவான காந்தப்புலத்தின் அடையாளம்) இருப்பதை 1977-ல் டாபியா அறிவித்தார். போலார்களின் புலம் ஏறத்தாழ 10 மெகாகாஸிலிருந்து 230 மெகாகாஸ் வரை போகும் (காஸ் என்பது காந்தப்புல அலகு, மெகாகாஸ் பத்து லட்சம் காஸ்). இடைநிலைப் போலார் என்பது புலம் சற்றுக் குறைந்த வகை. அதில் வட்டு வெளிப்பக்கம் பிழைத்திருக்கும், உள்பக்கம் காந்தப்புலத்தால் அறுபட்டிருக்கும்.

இவை அபூர்வம் என்று நினைத்துவிட வேண்டாம். 150 பார்செக்குக்குள் (சுமார் 490 ஒளியாண்டு) உள்ள, வெண்குறுமீன் பொருள் சேர்க்கும் இரட்டைகளைக் கவனமாகக் கணக்கெடுத்து 2020-ல் வெளியான ஆய்வில் மூன்றில் ஒன்றுக்கு மேல், 36 சதவீதம், காந்த வகை. கண்டுபிடிக்கப்படாமல் கிடப்பவை நிறையவே இருக்கும்.

ஏன் புற ஊதா: ஒரு கணக்கு

இதை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். இஎஃப் எரிடானி என்ற போலார் 1997-லிருந்து கால் நூற்றாண்டுக் காலம் மங்கிக் கிடந்தது. வாயு வரத்து ஏறக்குறைய நின்றுபோன நிலை. அந்த நிலையிலும் கேலக்ஸ் செயற்கைக்கோள் பார்த்தபோது புற ஊதா ஒளி 81 நிமிடச் சுற்றுக்காலத்தோடு ஏறி இறங்கியது. வெண்குறுமீன் 9,500 கெல்வின், அதன் மேல் 20,000 கெல்வினில் ஒரு சூடான திட்டு என்று வைத்தால் கணக்கு ஒத்துவருகிறது.

கரும்பொருள் கதிர்வீச்சாகவே (வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கும் ஒளியாக) எடுத்துக்கொள்வோம். 20,000 கெல்வினின் உச்சம் 1,450 ஆங்ஸ்ட்ராம் அருகில் வரும் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). 9,500 கெல்வினுக்கு அது 3,050 ஆங்ஸ்ட்ராம். கேலக்ஸின் தொலைப் புற ஊதாப் பட்டை 1,344 முதல் 1,786 ஆங்ஸ்ட்ராம் வரை, அதாவது திட்டின் உச்சத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1,530 ஆங்ஸ்ட்ராமில் ஒரே அளவு பரப்புக்குத் திட்டு சுற்றியுள்ள மேற்பரப்பைவிட ஏறத்தாழ 180 மடங்கு ஒளிரும். அண்மைப் புற ஊதாவில், 2,270 ஆங்ஸ்ட்ராமில், 35 மடங்கு. கண்ணுக்குத் தெரியும் 5,500 ஆங்ஸ்ட்ராமில் வெறும் 5 மடங்கு.

இப்போது அந்தத் திட்டு நமக்குத் தெரியும் வட்டத்தில் நூறில் ஒரு பங்குதான் என்று வையுங்கள். அது நம் பக்கம் திரும்பும்போது தொலைப் புற ஊதாவில் விண்மீன் 1.1 ஒளித்தரம் பிரகாசமாகும் (ஒளித்தரம் என்பது பிரகாசத்தின் அளவு, எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). அண்மைப் புற ஊதாவில் 0.3. கண்ணொளியில் 0.05, அதையும் செங்குறுமீனின் ஒளி வந்து கலந்து அமுக்கிவிடும். உண்மையான வளிமண்டலம் கரும்பொருள் அல்ல, எண்கள் கொஞ்சம் நகரும். ஆனால் வரிசை மாறாது: அலைநீளம் குறையக் குறைய வீச்சு, அதாவது ஒளி ஏறி இறங்கும் அளவு, கூட வேண்டும். இந்த வரிசைதான் இந்த வேலை முழுவதற்கும் ஆதாரம். ஒளி மாறுகிறது என்பது மட்டும் எனக்குப் பெரிய செய்தி அல்ல. எந்தப் பட்டையில் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் செய்தி.

கேலக்ஸ் 2003 ஏப்ரலில் ஏவப்பட்டது, 2013 ஜூனில் நிறுத்தப்பட்டது. நமக்கு அதன் பெரிய வரம், உள்ளே வரும் ஒளியைப் பிரித்து இரண்டு பட்டைகளையும் ஒரே நேரத்தில் பதிவு செய்தது. ஒரே கணத்தின் நிறம் கிடைக்கிறது. தொலைப் புற ஊதாக் கருவி 2009 மே மாதம் நின்றுபோனது. ஆகவே ஒரு விண்மீனுக்குப் பல பார்வைகள் இருந்தால் 2009-க்கு முந்தியவற்றை முதலில் எடுங்கள்.

வேட்பாளர்களைப் பொறுக்குவது

கேலக்ஸ் பட்டியலையும், விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த கையா செயற்கைக்கோளின் மூன்றாம் வெளியீட்டையும் ஒப்பிட்டுப் பொருத்துவதில் தொடங்குகிறேன். கையாவின் இடமாறு தோற்றம் (பூமி சுற்றும்போது விண்மீன் இடம் பெயர்வதாகத் தெரியும் அளவு) தூரத்தைத் தருகிறது, தூரம் உண்மையான ஒளியைத் தருகிறது. நிறத்துக்கு எதிரே அதை வரைந்தால் கீழே வெண்குறுமீன்களின் வரிசை, மேலே சாதாரண விண்மீன்களின் வரிசை. நமக்கு வேண்டியவை பெரும்பாலும் நடுவே உள்ள வெற்றிடத்தில் சிதறிக் கிடக்கும். நீல நிறத்தால் ஏமாற்றும் குவேசார்கள் (மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான விண்மீன் மண்டல மையங்கள்) இந்தக் கட்டத்திலேயே கழன்றுவிடும், அவற்றுக்கு இடமாறு தோற்றம் இல்லை.

பொருத்தும்போது தனி இயக்கத்தை (விண்மீன் வானில் ஆண்டுதோறும் நகர்வதை) மறக்காதீர்கள். கையாவின் இடங்கள் 2016-க்கு உரியவை, கேலக்ஸ் பார்த்தது அதற்குப் பத்தாண்டு முன்னால் இருக்கலாம். நமக்கு வேண்டியவை அருகில் இருக்கும் மங்கலான விண்மீன்கள், நகர்வதில் வேகம் உள்ளவை. ஆண்டுக்கு 0.2 ஆர்க்விநாடி என்றால் பத்தாண்டில் 2 ஆர்க்விநாடி (ஆர்க்விநாடி என்பது பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). நான் வைக்கும் பொருத்த ஆரம் 3 ஆர்க்விநாடி, அதில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். முதலில் இடத்தைப் பின்னோக்கி நகர்த்திவிட்டுப் பொருத்துங்கள். சுருக்க வேண்டிய ஆரத்தைப் பெருக்கிக்கொண்டே போவது சோம்பேறித்தனம். பக்கத்து விண்மீன் வந்து ஒட்டிக்கொள்ளும். கேலக்ஸின் பட மங்கல் 4 முதல் 5 ஆர்க்விநாடி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்தது தூசி. இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. நம் பால்வெளித் தூசிக்கு 2,175 ஆங்ஸ்ட்ராமில் ஒரு உறிஞ்சல் மேடு இருப்பதால் கேலக்ஸின் இரு பட்டைகளையும் தூசி ஏறக்குறையச் சமமாகவே மங்கச் செய்கிறது, நிறச் சிவப்பேற்றத்தைப் (தூசி நீலத்தைக் கூடுதலாக மறைப்பதால் நிறம் மாறும் ஒளித்தர அளவு) போல சுமார் எட்டு மடங்கு. சிவப்பேற்றம் 0.2 என்றால் இரண்டுமே 1.6 ஒளித்தரம் குறையும், அவற்றின் வேறுபாடு அசையாது. ஆனால் அண்மைப் புற ஊதாவையும் கண்ணொளியையும் கழித்து வரும் நிறம் ஒரு முழு ஒளித்தரம் தவறும், ஏனெனில் கண்ணொளி 0.6 தான் மங்கும். அதனால் வெப்பநிலையை ஊகிக்கக் கேலக்ஸ் நிறத்தை நம்புகிறேன். கேலக்ஸும் கையாவும் கலந்த நிறத்தைத் தூசிக் கணக்கு முடியும்வரை நம்புவதில்லை.

கேலக்ஸின் முழுவான ஆய்வில் ஒரு பார்வை சுமார் 100 விநாடிதான். அதில் ஒளி வளைகோடு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) கிடைக்காது. ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பார்வைகள் இருந்து, தொலைப் புற ஊதா ஒளித்தரம் அவற்றுக்குள் ஒன்றுக்கு மேல் மாறி, அண்மைப் புற ஊதா அதில் பாதிகூட மாறாமல் இருந்தால் அந்தப் பெயர் என் பட்டியலின் மேலே ஏறிவிடும். எக்ஸ் கதிர்ப் பட்டியல்களில், ரோசாட்டிலோ ஈரோசிட்டாவிலோ, அதே இடத்தில் ஒரு மூலம் இருந்தால் இன்னும் மேலே. தரையிலிருந்து வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் பிடிக்கும் இசட்டிஎஃப் ஆய்வின் வளைகோட்டில் மாதக்கணக்கில் மங்கிப் பின் எழும்பும் படிகள் தெரிந்தால், வட்டு இல்லாத ஒரு போலார் என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. சேமித்து வைக்க வட்டு இல்லாததால் வரத்து நின்றதும் ஒளியும் விழுகிறது.

ஒளி வளைகோடு எடுப்பது

கேலக்ஸ் ஒவ்வொரு ஃபோட்டானையும் வந்த நேரத்தோடு குறித்து வைத்தது. ஒரு டிரில்லியனுக்கு மேற்பட்ட அந்தப் பதிவுகளை ஜிஃபோட்டான் என்ற மென்பொருள் திட்டம் திறந்துவிட்டது. நமக்கு வேண்டிய விநாடிக் கூடைகளில் நாமே எண்ணிக் கொள்ளலாம்.

கூடை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? விநாடிக்கு ஒரு ஃபோட்டான் என்றால் அண்மைப் புற ஊதாவில் அது 20.08 ஒளித்தரம், தொலைப் புற ஊதாவில் 18.82. அண்மைப் புற ஊதாவில் 17-ம் தர விண்மீன் விநாடிக்கு 17 ஃபோட்டான் தரும். 30 விநாடிக் கூடையில் 510 சேரும், பிழை நான்கரை சதவீதம். தொலைப் புற ஊதாவில் 18-ம் தரம் என்றால் விநாடிக்கு இரண்டு, கூடையில் 64, பிழை 12 சதவீதம். முதல் வகையில் சின்னத் துடிப்பும் பிடிபடும். இரண்டாம் வகையில் பெரிய ஏற்ற இறக்கம் மட்டுமே தெரியும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பத்து விநாடிக் கூடையில் வளைகோடு வரைந்து, அதன் இரைச்சலில் துடிப்பைப் பார்க்கிறவர்கள் உண்டு. மறுபக்கம், 14-ம் தரத்தை ஒட்டிய பிரகாசமான விண்மீன்களில் கருவி எண்ணிக்கையைத் தவறவிடும், உச்சங்கள் மழுங்கும்.

இனி இரண்டு பொறிகள். இரண்டுமே தொலைநோக்கியின் சொந்த அசைவிலிருந்து வருபவை.

கருவியின் ஒரே புள்ளி தேயாமல் இருக்கக் கேலக்ஸ் வானத்தில் ஒரு சின்னச் சுருள் வட்டம் போட்டுக்கொண்டே பார்த்தது. அந்தச் சுருளின் காலம் சுமார் 120 விநாடி. விண்மீன் புலத்தின் ஓரத்தில் இருந்தாலோ, கருவியில் கெட்ட புள்ளி அருகில் இருந்தாலோ, வளைகோட்டில் 120 விநாடியிலும் அதன் பாதியிலும் அழகான துடிப்பு முளைக்கும். ஏஆர் ஸ்கார்ப்பியை என்ற விண்மீனின் உண்மையான துடிப்பு 118 விநாடி என்பதை நினைத்துப் பாருங்கள், எவ்வளவு பக்கத்தில்! அதனால் 120 விநாடிக்கு அருகில் எது வந்தாலும் அதே படத்தில் பக்கத்திலுள்ள இரண்டு மூன்று சாதுவான விண்மீன்களுக்கும் அதே வழியில் வளைகோடு எடுக்கிறேன். அவையும் துடித்தால் துடிப்பது தொலைநோக்கி. விண்மீன் கருவியின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதையும் நேரத்துக்கு எதிரே வரைந்துவிடுங்கள். இரண்டு வளைகோடும் ஒன்றாக ஆடினால் விஷயம் முடிந்தது.

இரண்டாவது, சுற்றுப்பாதை. கேலக்ஸ் பூமியைச் சுற்ற 98.6 நிமிடம் எடுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரவுப் பக்கத்தில் மட்டும் அரை மணிக்கும் குறைவாகப் பார்த்தது. இஎக்ஸ் ஹைட்ரேயின் சுற்றுக்காலம் 98.26 நிமிடம். இப்படி ஒரு விண்மீனை அடுத்தடுத்த சுற்றுகளில் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே கட்டத்தைத்தான் (சுற்றின் ஒரே பகுதியைத்தான்) காண்பீர்கள். ஒரு சுற்றுக்கு 0.34 நிமிடம், ஒரு நாளைக்கு 5 நிமிடம் மட்டுமே நகரும்; முழு வட்டம் தெரிய இருபது நாள் வேண்டும். ஒளி மாறவே இல்லை என்று முடிவுகட்டி அதை ஒதுக்கிவிடுவது எளிது. பூமிக்கு அருகில் சுற்றும் ஹப்பிளுக்கும் ஸ்விஃப்டுக்கும் இதே நோய் உண்டு, காலம் கொஞ்சம் வேறு. காந்த இரட்டைகள் பல 80 நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் சுற்றுகின்றன என்பதால் இது ஏட்டளவுக் கவலை அல்ல. தப்பிக்க வழி, வேறு சுற்றுப்பாதையில் உள்ள ஒரு கருவியோடு ஒப்பிடுவது. எக்ஸ்எம்எம் நியூட்டன் நீள்வட்டப் பாதையில் மணிக்கணக்கில் கண் சிமிட்டாமல் பார்க்கும், அதில் 30 செ.மீ. புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று எக்ஸ் கதிரோடு சேர்ந்தே வேலை செய்கிறது. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஸ்விஃப்ட் தரவை எடுத்தால் யூவிஎம்2 வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். மற்ற இரண்டு புற ஊதா வடிகட்டிகளிலும் சிவப்பு ஒளி கசியும். செங்குறுமீன் துணை உள்ள இரட்டைக்கு அது சரிப்படாது. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் உள்ள யூவிஐடி என்ற புற ஊதாத் தொலைநோக்கி 28 ஆர்க்நிமிடப் புலத்தை 1.5 ஆர்க்விநாடிக்கும் நுணுக்கமாகப் படம் பிடிப்பது. நெருக்கமான விண்மீன் கூட்டங்களில் கேலக்ஸ் இரண்டு விண்மீன்களை ஒன்றாகக் குழப்பிய இடங்களில் அதுதான் கைகொடுக்கும்.

எந்தக் கருவியானாலும் நேரங்களைச் சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திருத்தம் 8 நிமிடத்துக்கு மேல் போகலாம். 81 நிமிடச் சுற்றில் அது கட்டத்தில் பத்தில் ஒரு பங்கு.

கடிகாரங்களை எண்ணுங்கள்

வகைபிரிப்பு கடைசியில் ஒரே கேள்விக்கு வந்து நிற்கும்: உள்ளே எத்தனை கடிகாரம் ஓடுகிறது?

போலாரில் ஒன்று. காந்தப்புலம் வெண்குறுமீனைத் துணையோடு பூட்டிவிடுவதால் தற்சுழற்சியும் சுற்றும் ஒரே காலம். புற ஊதா வளைகோட்டில் ஒரு மேடு; சூடான துருவம் நம் பக்கம் வரும்போது உச்சம். சிலவற்றில் வாயுத் தாரை குறுக்கே வரும்போது குறுகிய பள்ளம் ஒன்று விழும். சுற்றும் தளம் நம் பார்வைக் கோட்டில் அமைந்தால், துணை வெண்குறுமீனை முழுதாக மறைக்கும் மறைப்பும் கிடைக்கும். அப்போது திட்டு விநாடிகளில் மறைய, வெண்குறுமீன் முழுவதும் மறைய அரை நிமிடம் போல ஆகும். இந்த இரண்டு படிகளையும் தனித்தனியே பார்க்க முடிந்தால் திட்டின் அளவே கையில் கிடைத்துவிடுகிறது.

இடைநிலைப் போலாரில் இரண்டு கடிகாரம். எஃப்ஓ அக்வாரியில் தற்சுழற்சி 20.9 நிமிடம், சுற்றுக்காலம் 4.85 மணி. இரண்டின் அதிர்வெண்களையும் கழித்தால் 22.5 நிமிடத்தில் ஒரு விம்மல் வரும். துருவத்தின் ஒளி துணையின் மேலோ, வட்டின் விளிம்பின் மேலோ பட்டுத் திரும்புவதால் எழுவது அது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 20.9-ஐயும் 22.5-ஐயும் பிரித்துக் காட்ட உங்கள் தரவு எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்? இரண்டு அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடு சரியாகச் சுற்று அதிர்வெண்தான். ஆக, ஒரு முழுச் சுற்றையாவது தாண்டாத தரவில் எந்த உச்சம் தற்சுழற்சி, எது விம்மல் என்று சொல்ல வழியே இல்லை. 25 நிமிடக் கேலக்ஸ் பார்வை ஒன்றை வைத்துக்கொண்டு தற்சுழற்சிக் காலம் இவ்வளவு என்று எழுதுவது வெறும் ஊகம். இரண்டு துருவமும் ஒளிர்ந்தால் உச்சம் பாதிக் காலத்தில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இடைநிலைப் போலார்களில் தற்சுழற்சி பொதுவாகச் சுற்றில் பத்தில் ஒரு பங்கு அளவு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. பயன்படும் வாய்ப்பாடுதான், ஆனால் இஎக்ஸ் ஹைட்ரே அதை மதிக்கவில்லை: 67 நிமிடமும் 98 நிமிடமும், மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு கடிகாரமும் ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் விலகி ஓடும் பிஒய் கேமலோபார்டலிஸ் போன்றவையும் உண்டு. வளைகோட்டின் உருவம் வாரக்கணக்கில் மெல்ல மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் யோசியுங்கள்.

இன்னும் சிறிய ஒரு பிரிவு, வெண்குறுமீன் பல்சார் (வேகமாகச் சுழன்று துடிப்பாக ஒளி தரும் வெண்குறுமீன்). ஏஆர் ஸ்கார்ப்பியையைப் பல ஆண்டுகளாக டெல்டா ஸ்குட்டி வகை (தானே விரிந்து சுருங்கி ஒளி மாறும் வகை) மாறும் விண்மீன் என்றே பட்டியலில் வைத்திருந்தார்கள், 3.56 மணிச் சுற்றைத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டதன் பலன். 2015-ல் ஆர்வலர்கள் சிலர் அதன் விசித்திரத்தைக் கவனித்தார்கள். 30 விநாடிக்குள் நான்கு மடங்கு பிரகாசமாகிறது என்ற செய்தி 2016-ல் வெளியானது. 5.3 நிமிடத் தற்சுழற்சியுடன் இரண்டாவது ஒன்று 2023-ல் சேர்ந்தது. இவற்றில் பொருள் விழுவதால் வரும் ஒளி இல்லை, அல்லது மிகச் சொற்பம். பழைய பட்டியலில் அலுப்பூட்டும் பெயருடன் தூங்கும் விண்மீன்களையும் புற ஊதாவில் ஒரு பார்வை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வேஷக்காரர்கள்

பொருள் சேர்க்கும் எந்த இரட்டையும் படபடவென்று மினுங்கும். அந்த மினுக்கத்தில் நீண்ட காலங்களுக்கு வலிமை அதிகம் என்பதால், வெறும் இரைச்சலுக்காகக் கணக்கிட்ட நம்பகத்தன்மை எண் ஏமாற்றும். மென்பொருள் 99.9 சதவீதம் என்று சொல்வதை ஒதுக்கிவிட்டுத் தரவை இரண்டாக வெட்டுங்கள். உண்மையான கடிகாரம் இரண்டு பாதியிலும் அதே காலத்தில், அதே கட்டத்தில் அடிக்கும். குறுமீன் நோவாக்களின் (அவ்வப்போது வட்டு பளிச்சிடும் இரட்டைகளின்) வெடிப்பில் வரும் சில விநாடித் துடிப்புகள் இந்தச் சோதனையில் விழும், அவற்றின் காலம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஜிடபிள்யூ லிப்ரே போலத் துடிக்கும் வெண்குறுமீன் உள்ள இரட்டைகள் இன்னும் சாமர்த்தியசாலிகள். அவற்றுக்கும் புற ஊதாவில் வீச்சு கூடும், காலமும் சில நிமிடம்தான். ஆனால் ஒரே நேரத்தில் பல காலங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும் வலிமை.

சூடான விண்மீன் பக்கத்துச் செங்குறுமீனைச் சுட்டுக் காய்ச்சும் இரட்டைகள் ஒரே கடிகாரத்தோடு மென்மையாக ஏறி இறங்கும், பார்க்கப் போலார் போலவே. இதற்கு நம் பழைய வரிசையே போதும். அங்கே வீச்சு சிவப்பில் கூடும், தொலைப் புற ஊதாவில் ஏறக்குறைய மறையும். நேர் எதிர்.

நிறமாலை

ஹப்பிள் நிறமாலையோ, 1978-லிருந்து 1996 வரை ஓடிய ஐயூஇ என்ற புற ஊதாச் செயற்கைக்கோளின் நிறமாலையோ காப்பகத்தில் இருந்தால் அதிர்ஷ்டம். நைட்ரஜன் 1,240, சிலிக்கான் 1,400, கார்பன் 1,550, ஹீலியம் 1,640 ஆங்ஸ்ட்ராம்: இந்த நான்கும் உமிழ்வு வரிகளாக நின்று, கார்பன் வரியின் நீலப் பக்கத்தில் உறிஞ்சல் பள்ளம் இல்லாமல் இருந்தால் வட்டுக் காற்று இல்லை என்று பொருள், காந்தப் பக்கம் சாய்கிறது. நைட்ரஜன் வலுத்துக் கார்பன் காணாமல் போயிருந்தால் அதைக் காந்த அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஇ அக்வாரியில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் அது துணை விண்மீன் தன் உட்பகுதியை வெளிக்காட்டுவதன் விளைவு. காந்தம் இல்லாத இரட்டைகளிலும் வரும்.

புலத்தின் வலிமையை அளக்கப் புற ஊதா நல்ல இடம் அல்ல. சீமன் பிளவு (காந்தப்புலத்தால் நிறமாலை வரி பிரிவது) அலைநீளத்தின் வர்க்கத்தோடு வளரும். ஏஎம் ஹெர்குலிஸின் 14 மெகாகாஸுக்கு ஹைட்ரஜனின் 6,563 ஆங்ஸ்ட்ராம் வரி இரு பக்கமும் 280 ஆங்ஸ்ட்ராம் பிளக்கும். லைமன் ஆல்ஃபா என்ற 1,216 ஆங்ஸ்ட்ராம் ஹைட்ரஜன் வரி வெறும் 10 ஆங்ஸ்ட்ராம், அதுவும் அகன்ற உறிஞ்சலுக்குள் புதைந்துவிடும், நடுவில் பூமியின் வளிமண்டல ஒளிர்வு வேறு. சைக்ளோட்ரான் மேடுகளும் (காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் நிறமாலையில் எழுப்புபவை) அப்படியே. 14 மெகாகாஸில் அடிப்படை மேடு 7.6 மைக்ரானில், நடு அகச்சிவப்பில். ஏஆர் உர்சே மேஜோரிஸின் 230 மெகாகாஸ் மாதிரி அசுரப் புலம் இருந்தால்தான் இரண்டாம் மேடு 2,330 ஆங்ஸ்ட்ராமில் வந்து கேலக்ஸ் பட்டைக்குள் விழும்.

எனவே புற ஊதா கண்டுபிடிக்கும், கடிகாரத்தையும் ஓரளவு எண்ணித் தரும். புலத்துக்குத் தரையிலிருந்து ஒரு கண்ணொளி நிறமாலை வேண்டும், போலாரை உறுதிசெய்ய வட்ட முனைவாக்கம் வேண்டும். வாயு வரத்து மிகக் குறைந்த, வெண்குறுமீன் குளிர்ந்துபோன போலார்கள் இந்த வலையில் சிக்கவே மாட்டா. அவற்றில் முதலாவதான டபிள்யூஎக்ஸ் லியோ மைனோரிஸ் ஹாம்பர்க் குவேசார் ஆய்வின் நிறமாலையில் சைக்ளோட்ரான் மேடு துருத்தியதால்தான் அகப்பட்டது.

பதிவு செய்வது

மாறும் விண்மீன் பார்வையாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ நடத்தும் விஎஸ்எக்ஸ் மாறும் விண்மீன் அட்டவணையில் அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் எழுத வேண்டும். போலாருக்கு அங்கே ஏஎம் என்றும் இடைநிலைப் போலாருக்கு டிக்யூ என்றும் குறியீடு. உறுதி இல்லாதபோது வகைக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்க்கலாம். முனைவாக்கமோ நிறமாலையோ இல்லாமல் புற ஊதாவை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் அந்த இரண்டு புள்ளியையும் விடாமல் போடுவேன்.

காலத்தை அதன் பிழையோடு எழுதுங்கள், ஒளி உச்சத்தின் நேரத்தை ஈர்ப்பு மைய ஜூலியன் நாளில் (வானியலில் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் முறையில்) தாருங்கள். 81 நிமிடச் சுற்று பத்தாண்டில் சுமார் 65,000 முறை ஓடும். அதற்குள் கட்டம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வழுவாமல் இருக்கக் காலத்தின் பிழை 0.0075 விநாடிக்குக் கீழே இருக்க வேண்டும். கேலக்ஸ் மட்டும் வைத்து அது நடக்காது. கேலக்ஸ் உச்சங்களில் தொடங்கி இசட்டிஎஃப் வரை சுற்று எண்ணிக்கை தவறாமல் கோத்தால் நடக்கும். இடையில் எங்கே எண்ணிக்கை சந்தேகமாக இருக்கிறதோ, சாத்தியமான இரண்டு காலங்களையும் குறிப்புப் பகுதியில் எழுதிவிடுங்கள். முனைவாக்கம் அளக்கப் போகிறவர் எந்த மணிக்குத் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.